பக் குட்டியா, ஊர்க் குட்டியா?

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, ஏசி இல்லை, மகன் பக் என்ற சப்பை மூக்குச் சாதி நாய்க் குட்டி கேட்கிறான், "சாதி நாய்க்குத்தான் வருத்தம், நோய் வராது" என்கிறார் மாமி என்று எழுதியிருந்தீர்கள். மாமி சொல்வது சரியில்லை அக்கா.

சாதி நாயை அந்த இனத்தின் பதிவேட்டில் உள்ளவற்றுக்குள்ளேயே இணைத்துப் பெருக்குகிறார்கள். ஒரு குறை புகுந்தால் லேசில் போகாது. டால்மேஷன் என்ற புள்ளி நாயில் யூரிக் அமிலம் கூடிச் சிறுநீர்க் கல் வரும் குணம் இனம் முழுக்கப் பரவியிருந்தது. அதைத் திருத்த 1973இல் அமெரிக்காவில் பாயிண்டர் என்ற வேறு இன நாயோடு கலக்க வேண்டி வந்தது. அந்த வழிக் குட்டிகளை சாதி நாய்களைப் பதியும் அங்குள்ள கெனல் கிளப் முறையாக ஏற்க 2011 ஆகிவிட்டது!

பக்கின் சப்பை மூக்கும் மனிதர் தேர்ந்து தேர்ந்து உண்டாக்கியதுதான். நாய் நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும்; சப்பை மூக்கில் அது சரியாக நடக்காது. மரைன் டிரைவில் ஒரு மாலை, நடைபாதையிலேயே படுத்துவிட்ட பக்கைப் பார்த்தேன். நாக்கு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் ஊற்றிய பிள்ளையின் கை நடுங்கியது. இன்னும் மறக்க முடியவில்லை.

ஊர் நாயை யாரும் அளவு பார்த்து உருவாக்கவில்லை. இந்த வெயிலிலும் மழையிலும் தப்பியவை ஈன்ற குட்டிகள் அவை. நீண்ட மூக்கு, குட்டை மயிர். எங்கள் ஊர் நாய் செம்மி மத்தியானத்தில் குளியலறை வாசல் சீமெந்தில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஆனால் ஊர்க் குட்டிக்கும் உண்ணிக் காய்ச்சல், பார்வோ வைரஸ் நோய் எல்லாம் வரும். தடுப்பூசியும் விசர் ஊசியும் கட்டாயம். அப்புறம், இரண்டு மாதமாகும் முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.