உங்கள் கடவுள் உங்களை எப்போதாவது மறுத்திருக்கிறாரா?

கேள்வி: எந்த மதத்தின் கோட்பாட்டையும் நான் ஏற்பதில்லை. வேதநூல்கள் எல்லாமே மனிதர்கள் எழுதியவை. ஆனால் கடவுள் உண்டு என்று என் அறிவு சொல்கிறது. அவரை என் அறிவைக் கொண்டே தேடி அறிந்துகொண்டேன். அவர் அன்பே வடிவானவர். யாரையும் தண்டிக்க மாட்டார். நம்மிடம் எதையும் கேட்கவும் மாட்டார். இவ்வளவு எளிய உண்மையை மதங்கள் ஏன் மறைக்கின்றன? பகுத்தறிவைக் கண்டு பயமா? ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்று வள்ளுவரே சொல்லிவிட்ட பிறகு, நடுவில் மதம் எதற்கு?

– வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. பிறந்த வீட்டில் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. வேறொரு வீட்டில் பிறந்திருந்தால் வேறொரு நூலை இதே உறுதியோடு நம்பியிருப்போம் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். வரவும் வேண்டும். தானே யோசித்துக் கடவுளைத் தேடுபவர் மீது எனக்கு மரியாதை உண்டு.

என் சண்டை இரண்டாவது பாதியோடு. அன்பே வடிவானவர், தண்டிக்க மாட்டார், எதையும் கேட்க மாட்டார் என்று மூன்று முடிவுகளை எழுதியிருக்கிறீர்கள். எந்த வழியாக நடந்து அங்கே போய்ச் சேர்ந்தீர்கள்? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊர் பெயர் இருக்கிறது, வந்த பாதையைக் காணோம். அறிவால் தேடினேன் என்று சொல்பவரிடம் நான் எதிர்பார்ப்பதே அந்தப் பாதையைத்தான்.

அன்பு என்ற முதல் முடிவை எடுத்துக்கொள்வோம். எந்த நூலையும் படிக்காமல், யார் சொல்லையும் கேட்காமல், உலகத்தை மட்டும் உற்றுப் பார்த்து யோசிக்கிற ஒருவருக்கு என்ன தெரியவரும்? பொழுது விடிகிறது, மழை பெய்கிறது, தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். அதே உலகத்தில், பிறந்து மூன்று நாள் ஆன குழந்தை நோய் கண்டு சாகிறது. ஒருவகைக் குளவி உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன. அருளும் எல்லா வல்லமையும் உள்ள கடவுள் இப்படி ஒன்றை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860-ல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவரும் அறிவைக் கொண்டு பார்த்தவர்தான். நீங்கள் பார்க்கிற அதே உலகத்தைத்தான் பார்த்தார்.

அப்படியானால் ‘அன்பே வடிவானவர்’ என்ற சொல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? அன்பும் சிவமும் இரண்டல்ல என்றவர் திருமூலர். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்பது யோவானின் முதல் நிருபத்தில் உள்ள வரி. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அளவற்ற அருளாளனின் பெயரால் தொடங்குகின்றன. நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்களில் பிறந்த சொல், உங்கள் காதில் சின்ன வயதிலேயே விழுந்து, இன்று உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு போல நிற்கிறது. கடன் வாங்குவதில் குற்றம் இல்லை, நாம் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால் கடன் கொடுத்தவர்களைப் பார்த்து, ‘உண்மையை மறைக்கிறீர்கள்’ என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, மதங்களுக்குப் பகுத்தறிவைக் கண்டு பயமா என்று கேட்டீர்கள். மதத்தைக் கையில் வைத்து அதிகாரம் செய்தவர்களுக்குப் பயம் இருந்தது. இன்றும் இருக்கிறது. கேள்வி கேட்டவர்களை ஒதுக்கி வைத்தார்கள், சிறையில் போட்டார்கள், கொன்றும் இருக்கிறார்கள். இதில் நான் யாருக்காகவும் வாதாட மாட்டேன். ஆனால் மதத்துக்குள் உட்கார்ந்து யோசித்தவர்களின் கதை வேறு. கடவுள் உண்டு என்பதை அனுமானத்தாலேயே, அதாவது கண்டதைக் கொண்டு காணாததைத் தர்க்கத்தால் அறிவதாலேயே, நிறுவுவதற்காக ஒரு முழு நூல் எழுதியவர் உதயணர் என்ற நியாய தரிசன (தர்க்கத் தத்துவ) அறிஞர்; ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர். மீமாம்சகர்கள் என்ற வைதிகத் தத்துவப் பிரிவினரோ வேதத்தின் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்காதவர்கள், ஆனால் உலகைப் படைத்த கடவுள் ஒருவர் தேவையில்லை என்று வாதிட்டார்கள். இயற்கையான அறிவின் ஒளியாலேயே கடவுள் உண்டு என்று உறுதியாக அறிய முடியும் என்பதை 1870-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் வத்திக்கான் சங்கம் கோட்பாடாகவே அறிவித்தது. கோட்பாடு ஒரு கரை, அறிவு மறு கரை என்று நீங்கள் போட்ட கோடு இவர்களில் யாரிடமும் நேராக நிற்பதில்லை.

இந்த வரிசையில் நீங்கள் கட்டாயம் சந்திக்க வேண்டியவர் இராமானுசர். அவரை வெறும் பக்தர் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம். கடவுளை அனுமானத்தால் நிறுவ முடியாது என்று, பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வாதிடும் இடத்தைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். குடத்தைப் பார்த்தால் குயவன் உண்டு என்று தெரிகிறது, அதுபோல உலகத்தைப் பார்த்தால் படைத்தவன் உண்டு என்று தெரிகிறது. இது பழைய வாதம். இராமானுசர் விடவில்லை. நாம் பார்த்த குயவர்களுக்கெல்லாம் உடம்பு இருக்கிறதே, அப்படியானால் உலகைச் செய்தவருக்கும் உடம்பு உண்டா? உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் செய்யப்பட்டது என்று யார் கண்டார்? பலர், பல காலங்களில், ஆளுக்கொரு பகுதியாகச் செய்திருக்கக் கூடாதா? 600 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1779-ல் வெளிவந்த நூலில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதே கேள்வியை எழுப்பினார்: பலர் கூடி ஒரு கப்பலைக் கட்டுவதுபோலப் பல தெய்வங்கள் கூடி உலகத்தைக் கட்டியிருக்கக் கூடாதா என்று. ஹியூம் அதைக் கொண்டு சந்தேகத்தை நோக்கிப் போனார். அனுமானம் இவ்வளவு தூரம்தான் வரும், ஆகவே சாத்திரமே வழி என்று இராமானுசர் முடித்தார். அவர் முடிவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அவர் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். உங்கள் அறிவு ‘கடவுள் உண்டு’ என்று சொன்னதாக எழுதி, ‘அவர்’ என்று ஒருவராகவே பேசினீர்களே, ஏன் ஒருவர்?

அப்புறம், அறிவு போகச் சொன்ன இடத்துக்கு உண்மையிலேயே போன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1656 ஜூலை 27-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமின் யூத சமூகம், பின்னாளில் பெரிய தத்துவவாதியான ஸ்பினோசாவை விலக்கி வைத்தது. அப்போது அவருக்கு வயது 23. அவரோடு யாரும் பேசக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் இன்னொரு மதத்துக்குப் போகவில்லை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்துக்கொண்டே, கணித நிரூபணம் போல ஒவ்வொரு படியாக யோசித்தார். அவர் போய்ச் சேர்ந்த கடவுள் எப்படிப்பட்டவர் தெரியுமா? இயற்கையிலிருந்து பிரிக்க முடியாதவர். கோபம் இல்லாதவர், அதே காரணத்தால் நாம் எதிர்பார்க்கிற விதமான பாசமும் இல்லாதவர். கடவுளை நேசிக்கிறவர், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது என்று அவர் எழுதி வைத்தார்.

அந்த வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொந்தச் சமூகம் முழுவதும் கைவிட்ட ஒரு மனிதர். தன்னை நேசிக்கிற கடவுள் ஒருவர் வேண்டும் என்று ஆசைப்பட அவரைவிட உரிமை யாருக்கு இருந்தது? ஆனால் அவருடைய வாதம் அங்கே போகவில்லை, அதனால் அவரும் போகவில்லை. அவர் முடிவு சரி என்று நான் சொல்ல வரவில்லை. என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த நேர்மைக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். உங்கள் மூன்று முடிவுகளில், உங்களுக்குப் பிடிக்காதது ஒன்றாவது இருக்கிறதா?

மூன்றாவது முடிவுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. எதையும் கேட்க மாட்டார் என்கிறீர்கள். வள்ளலாரைப் பாருங்கள். சாதியும் மதமும் சமயமும் பொய் என்று உங்களைவிடத் துணிச்சலாகப் பாடியவர். அவர் கண்ட அருட்பெருஞ்ஜோதி அவரிடம் எதுவும் கேட்காமல் விட்டதா? வாடிய பயிரைக் கண்டே வாட வைத்தது. 1867-ல் பசித்தவர்களுக்காகத் தருமசாலை தொடங்க வைத்தது. எல்லா உயிரும் தன்னுயிர் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்தவன் பசியோடு படுத்திருக்கும்போது சும்மா இருக்க முடியாது. மதத்தை விட்டதால் அவருடைய சுமை குறையவில்லை, கூடியது. கோட்பாட்டில் விதிகள் இருக்கின்றன, அவற்றை நிறைவேற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று தூங்கலாம். தானே யோசித்துக் கண்டவருக்கு அந்த வசதி இல்லை.

இதை உங்களுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. இருபதுகளின் நடுவில் நானும் இதே கடிதத்தை எழுதியிருப்பேன். வீட்டில் சொல்லிக்கொடுத்த வழிபாட்டையெல்லாம் விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு கடவுளை மனதில் வைத்திருந்தேன். நிம்மதியாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, கூடப் பிறந்தவரோடு ஒரு பெரிய மனக்கசப்பு. பேச்சு நின்றது. அந்த நாட்களில் தினமும் இரவு என் கடவுளிடம் பேசுவேன். அவர் தினமும் என் பக்கமே இருந்தார். ஒரு இரவு திடீரென்று எனக்கே அச்சமாகிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவைகூட இவர் என்னிடம், ‘நீ செய்தது தப்பு’ என்று சொன்னதில்லையே என்று தோன்றியது. நான் கும்பிட்டது என் குரலையே. மறுநாள் காலை கூடப் பிறந்தவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். தப்பில் பெரும்பங்கு என்னுடையதுதான். மதத்துக்கு நான் திரும்பவில்லை. ஆனால் மற்றவர்கள் கடவுளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று உட்கார்ந்து படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நீங்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தீர்கள். அந்த ஈற்றடி இரண்டு குறள்களில் வருகிறது. மெய்யுணர்தலில் 355, அறிவுடைமையில் 423. இரண்டாவது, எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் என்று தொடங்குகிறது. கேட்பினும்! முதலில் கேட்க வேண்டும், அதுவும் யார் யாரிடமோ. அறிவுடைமை 43-ஆவது அதிகாரம். அதற்கு முந்தின 42-ஆவது அதிகாரத்தின் பெயரே கேள்வி. அங்கே கேள்வி என்றால் வினா இல்லை, செவி கொடுத்துக் கேட்பது. நீங்கள் 42-ஐத் தாண்டிக் குதித்து 43-இல் நிற்கிறீர்கள். மனிதர்கள் எழுதியவை என்று நீங்கள் ஒதுக்கிய நூல்களில் எதை முழுதாகப் படித்தீர்கள்? மனிதர் எழுதினார் என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடுமானால், உங்கள் கடிதமும் என் பதிலும்கூட மனிதர் எழுதியவைதான்.

எந்த மதத்திலும் போய்ச் சேருங்கள் என்று உங்களை நான் கேட்கவில்லை. உங்கள் தேடல் நிற்க வேண்டும் என்றும் விரும்பவில்லை. அது இன்னும் தொடங்கவில்லையோ என்றுதான் கவலைப்படுகிறேன். தண்டிக்க மாட்டார் என்ற உங்கள் இரண்டாவது முடிவை இன்று நான் தொடவே இல்லை. அதை உங்களிடமே விடுகிறேன். உங்களுக்கு ஒருவர் பெரிய அநியாயம் செய்து, கடைசிவரை வருந்தாமலே செத்துப்போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமும் கடவுள் ஒன்றும் கேட்க மாட்டாரா? அதை எந்த வாதத்தால் அறிந்தீர்கள்? படிப்படியாக எழுதி அனுப்புங்கள். இடையில் ஒரு படி இடிந்தால், இடிந்தது என்றே எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்கு.