இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் மங்கல் போகவில்லையா?

கேள்வி: வயது 52. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எட்டு வருடமாக இனிப்பு நீர். இரண்டு மாதத்துக்கு முன்பு வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 14 (மில்லிமோல்/லிட்டர்) காட்டியது. இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு 7, 8 என்று இறங்கிவிட்டது. பார்வை மட்டும் மங்கலாகவே இருக்கிறது. இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் சரிவரவில்லை. கிளினிக்கில் கண் படம் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். படம் எடுத்தால் லேசர் போடச் சொல்வார்கள், லேசர் போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்கிறார் அண்ணன். போகலாமா?

பதில்: கட்டாயம் போங்கள், ஐயா. அந்தத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் கண்ணாடி. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸிலும் சர்க்கரை சேர்ந்து, தண்ணீரை இழுத்து லென்ஸ் உப்பிக்கொள்கிறது. உடனே பவர் மாறிவிடும். மருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது பவர் மறுபடியும் நகரும். 14 இருந்தபோது அளந்த கண்ணாடி 8 இருக்கும்போது பொருந்தாது. இறங்கிக்கொண்டிருக்கும்போது அளந்ததும் நிலைக்காது. காலை, இரவு அளவுகள் பெரிதாக ஏறி இறங்காமல் நான்கிலிருந்து ஆறு வாரம் நிலையாக இருக்கட்டும். அதற்குப் பிறகு அளந்து போடுங்கள். அதுவரை பழைய கண்ணாடியோடு சமாளியுங்கள், மூன்றாவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் மங்கலுக்கு இது மட்டும்தான் காரணம் என்று யாரும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் சோதனை பவரைத்தான் அளக்கிறது, கண்ணின் பின்புறத்தில் இருக்கும் விழித்திரையின் நிலையை அது காட்டாது. விழித்திரையின் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களில் சிறு குமிழ்கள் கிளம்புவதும், இரத்தம் புள்ளி புள்ளியாகக் கசிவதும் ஓரங்களில் நடந்தால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடலாம். வலியும் இருக்காது. நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கினால்தான் எழுத்து கலங்கும். அதனால்தான் இரண்டாம் வகை இனிப்பு நீர் என்று தெரிந்த அன்றிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எட்டு வருடத்தில் நீங்கள் இதுவரை எடுக்கவில்லை என்றால், இது முதல் படம்.

உங்களுக்கு அவசரம் கூடுதலாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும் முதல் சில மாதங்களில் அது தற்காலிகமாக மோசமாகலாம். இதற்காக இன்சுலினை நிறுத்தவே கூடாது. நீண்ட காலத்தில் கண்ணைக் காப்பதே அதுதான். இந்த மாதங்களில் கண்ணையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் எடுக்கும் நாளில் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விரிய 20, 30 நிமிடம் ஆகும். பிறகு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வெளிச்சம் கூசும், கைப்பேசி எழுத்துகூடத் தெரியாது. ஆகவே மோட்டாரில் போகாதீர்கள். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். பசியாறலையும் இன்சுலினையும் வழக்கம்போல முடித்துவிட்டே கிளம்பலாம். இரண்டு கண்ணாடிகளையும், மருந்துப் பையையும், கடைசி எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) முடிவையும் கொண்டு போங்கள். கண் அழுத்த நோய் இருப்பதாக முன்பு யாராவது சொல்லியிருந்தால் சொட்டு விடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது அண்ணன் சொன்னது. படம் எடுத்தவர்கள் எல்லாருக்கும் லேசர் கிடையாது. ஆரம்ப நிலை என்றால் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுப்படுத்தி மறுபடி பார்ப்பதோடு சரி. குழாய்கள் அடைபட்டு, பட்டினி கிடக்கும் விழித்திரை உயிர் பிழைக்க ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும்போதுதான் ஆபத்து. அதனால் முளைக்கும் புதுக் குழாய்கள் மெலிந்தவை, சட்டென்று உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். லேசர் அந்தப் பட்டினிப் பகுதியை, அதாவது ஓரங்களைச் சுட்டு அந்தச் சுரப்பை அடக்குகிறது. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், உண்மைதான். நடுப் பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை அது. போன பார்வையை லேசர் திருப்பித் தராது. இரத்தம் கொட்டிய பிறகு வந்து லேசர் போட்டவர்களைப் பார்த்துத்தான் 'லேசர் போட்டுக் கண் போச்சு' என்ற பேச்சு பரவியிருக்கலாம்.

நடுவில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். கேட்கவே பயமாக இருக்கும். மரக்கச் செய்து, கிருமிநாசினி ஊற்றி, வெள்ளைப் பகுதியில் குத்துவது சில நொடி வேலை. பலன் தெரிய முதலில் மாதம் ஒன்றாகச் சில ஊசிகள் தேவைப்படும். ஒன்றோடு நிறுத்திவிட்டு 'சரிவரவில்லை' என்று சொல்லாதீர்கள். ஊசி போட்ட சில நாளில் வலியும் சிவப்பும் கூடிப் பார்வை இறங்கினால் அன்றே போய்க் காட்டுங்கள், அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

வீட்டிலேயே வாரம் ஒரு முறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கிரில்லின் கம்பிகளைப் பாருங்கள். பிறகு மறு கண். நேர்க் கம்பி வளைந்தோ, நடுவில் விட்டுப்போயோ தெரிந்தால் தேதிக்காகக் காத்திருக்காமல் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதந்தாலோ, புகைபோல் படர்ந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கியது போலிருந்தாலோ செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ, பினாங்குத் தீவில் இருந்தால் பினாங்கு மருத்துவமனைக்கோ அன்றே போங்கள். பாரம் தூக்க வேண்டாம். இரவில் படுக்க நேர்ந்தால் தலையணையை உயர்த்திவைத்துப் படுங்கள், கண்ணுக்குள் இரத்தம் கொட்டியிருந்தால் அது கீழே இறங்கி, மருத்துவர் உள்ளே பார்ப்பதற்கு வழி கிடைக்கும்.