ஆர்விடாஸ் சபோனிஸ்: நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்

லிதுவேனியாவின் 2.21 மீட்டர் உயரக் கூடைப்பந்து வீரர் சபோனிஸைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் ஆடும் போர்ட்லாந்து அணி 1986-லேயே டிராஃப்டில், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுத்த ஆள், 1995 வரை அமெரிக்கா போகவில்லையே. பயமா?

பயமே இல்லை. அப்போது லிதுவேனியா சோவியத் ஒன்றியத்தில் இருந்தது, முதலில் அந்த அரசு விடவில்லை. 1989-இல் வழி திறந்தபோது கால் விடவில்லை. என்பிஏவில் ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம், ஸ்பெயினில் அதைவிடக் குறைவு. அதனால் ஸ்பெயினின் வல்லடோலிட் அணி, அப்புறம் ரியல் மாட்ரிட். 1995-இல் மாட்ரிட்டுக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

கேள்வி: காலுக்கு என்னதான் ஆச்சு?

குதிகால் தசைநார் அறுந்தது, அதுவும் இரண்டு முறை. 22, 23 வயதிலேயே. குதிக்கும்போது கெண்டைக்கால் தசையின் விசையைப் பாதத்துக்குக் கடத்துவது அந்த நார்தான். போர்ட்லாந்து மருத்துவர் அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இதை வைத்தே மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி வாங்கிவிடலாம் என்றாராம். அந்தக் காலோடு 30 வயதில் ஆடப் போனார்.

கேள்வி: அண்ணா, என்பிஏ கணக்கைப் பார்த்தால் சுமாராகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் இவ்வளவு புகழ்?

அந்தக் கணக்கில் இருப்பது அவருடைய மிச்சம்தான், தம்பி. அதுவே முதல் பருவத்தில் 24 நிமிடத்துக்கும் குறைவாக ஆடி சராசரி 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). சுமார் என்று எப்படிச் சொல்வது? முழுச் சபோனிஸைப் பார்க்க வேண்டுமானால் எண்பதுகளின் கௌனாஸுக்கு, அவருடைய லிதுவேனிய ஊருக்குப் போங்கள். 1985, 86, 87 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு, அவர் ஆடிய அவ்வூர் ஷால்கிரிஸ் அணி மாஸ்கோவின் ராணுவ அணியான சிஎஸ்கேஏவை வென்று சோவியத் பட்டம் வாங்கியது. அன்று அவர் ஓடுவார், பறந்து டங்க் அடிப்பார், அதாவது பந்தைக் கையாலேயே கூடைக்குள் திணிப்பார். கால் போன பிறகும் பாஸ் போகவில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டருகே கூடைக்கு முதுகைக் காட்டி நிற்பார், பந்து ஒற்றைக் கையில் தலைக்கு மேலே இருக்கும். பின்னாலிருந்து சக வீரர் கூடையை நோக்கி வெட்டி ஓடுவார். இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், பந்து சரியாக அவர் கைக்குப் போய்விடும். யூடியூபில் கிடைக்கிறது, தயவுசெய்து பாருங்கள்.

கேள்வி: ஒலிம்பிக் தங்கம் எந்த நாட்டுக்கு?

சோவியத்துக்கு, 1988 சியோல். அரையிறுதியில் அமெரிக்காவை 82-76 என்று வென்ற அந்த அணியில் நான்கு பேர் லிதுவேனியர்கள். விடுதலைக்குப் பிறகு, 1992 பார்சிலோனாவில் லிதுவேனியா என்ற பெயரிலேயே ஆடி, முன்னாள் சோவியத் வீரர்களின் அணியை 82-78 என்று தோற்கடித்து வெண்கலம் வாங்கினார்கள். எனக்கு அந்த வெண்கலம்தான் பெரிது.

கேள்வி: என்பிஏவுக்குப் பிறகு?

கௌனாஸுக்கே திரும்பி ஷால்கிரிஸை நிர்வகித்தார், கூடவே ஆடவும் செய்தார். ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கில், 2003-04 பருவத்தின் முதல் கட்டத்தில் சிறந்த வீரர் அவர்தான், 39 வயதில்! 2011-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கூடைப்பந்தின் பெருமைக்குரியவர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். அடுத்த மாதமே கௌனாஸில் ஆடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு. பிழைத்து வந்து, அதே ஆண்டு லிதுவேனியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். அவர் தலைமையில் 2013-லும் 2015-லும் நாட்டுக்கு ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி கிடைத்தது.

கேள்வி: மகனும் ஆடுகிறாராமே?

ஆமாம், டொமான்டாஸ். 1996-இல் போர்ட்லாந்தில் பிறந்தவர். சாக்ரமென்டோவுக்கு ஆடி 2022-23, 2023-24 இரண்டு பருவத்திலும் என்பிஏவின் ரீபவுண்ட் சராசரியில் முதலிடம். பாஸும் அப்பாவைப் போலத்தான். தேசிய அணி என்றால் அவருக்கும் லிதுவேனியாதான்.