இருவர் ஏறினால் டேங்கை நிரப்பலாமா?

கேள்வி: செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தில் பயிற்சி பெறுகிறேன், ஊர் பாளையங்கோட்டை. என் எடை 80 கிலோ, பயிற்றுநர் 95. மே மாதம் மதுரையிலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் போய்த் திரும்ப வேண்டும். டேங்கை முழுக்க நிரப்பக் கூடாது என்கிறார். நிறைய இருந்தால் நல்லதுதானே?

பதில்: பயிற்றுநர் சொல்வது சரி. இதில் இருக்கை இரண்டு என்பதற்காக, இரண்டு கனத்த ஆட்களையும் முழு டேங்கையும் சேர்த்துத் தூக்கிவிடாது.

புறப்படும்போது அதிகபட்ச எடை 757 கிலோ. வெற்று எடை விமானத்துக்கு விமானம் மாறும். உங்கள் விமானத்தின் எடைச் சான்றில் இருப்பதுதான் கணக்கு. 520 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் 175, பை, ஹெட்செட் 6. மிச்சம் 56 கிலோ. ஏவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் 77 லிட்டருக்கு மேல் ஊற்ற முடியாது. சாதாரண டேங்கில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் சுமார் 92 லிட்டர். நிரப்பினால் 10 கிலோ கூடிவிடும்.

தேவை எவ்வளவு? நேர்கோட்டில் சுமார் 125 கி.மீ., ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம். மணிக்கு 23 லிட்டர் வீதம் போக வர 35. டாக்ஸி (தரையில் ஓட்டிச் செல்வது), மேலேறுவது இரண்டு முறைக்கு 8, முக்கால் மணி நேர இருப்புக்கு 17, எதிர்காற்றுக்கும் சுற்றிப் போவதற்கும் 10. ஆக 70 லிட்டர். வாகைக்குளத்தில் ஏவ்கேஸ் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்கூட்டியே கேளுங்கள். ஜெட் எரிபொருள் இந்த எஞ்சினுக்கு ஆகாது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 38 டிகிரியில் வாகைக்குளத்துக் காற்று கிட்டத்தட்ட 3,000 அடி உயரக் காற்றைப் போல மெலிந்திருக்கும். 110 குதிரைத்திறன் எஞ்சின் நடைமுறையில் 100-ஐ ஒட்டித்தான் தரும். பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதை என்பதால் நீளம் போதும். கிளம்பிய பிறகு ஏறும் வேகம்தான் சுணங்கும். எடையும் கூடினால் ஸ்டால் வேகமும் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) உயரும். ஆகவே காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். ஆனி, ஆடியில் போவதானால் வேறு கவலை: செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வரும் மேற்குக் காற்று மலையின் இந்தப் பக்கம் கீழ்நோக்கி அமுக்கும். அந்த இறக்கம் இந்த விமானத்தின் ஏற்ற வேகத்தையே விழுங்கிவிடலாம். மலையை ஒட்டிப் போகாமல் கிழக்கே விலகியே பறங்கள்.

எரிபொருள் கேஜ் காட்டும் அளவை நம்பாதீர்கள். சமதரையில் நிறுத்தி, அந்த விமானத்துக்கென்றே அளவிட்ட டிப்ஸ்டிக்கை (அளவுக்குச்சி) இரண்டு இறக்கை டேங்கிலும் விட்டுப் பாருங்கள். சாய்வான இடத்தில் நின்றிருந்தால் ஒரு டேங்கிலிருந்து மற்றதற்கு எரிபொருள் ஓடியிருக்கும்.

குறைவாக நிரப்புவதில் ஒரு தொந்தரவும் உண்டு. காலி இடத்துக் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். காலையில் எரிபொருளை வடிக்கும் எல்லா வடிகாலிலும் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். 100எல்எல் வகை ஏவ்கேஸ் நீலமாக இருக்க வேண்டும். அடியில் நிறமற்ற குமிழ் தெரிந்தால் அது தண்ணீர். சுத்தமாக வரும்வரை வடியுங்கள். பிடித்தது முழுக்க நிறமில்லாமல் இருந்தால் அது தண்ணீர் மட்டுமாகவே இருக்கலாம், மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்.