பட்டம் தராத பயிற்சிப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

ஐயா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் கல்லூரியை விடுத்து, மென்பொருள் நிறுவனமான சோஹோ நடத்தும் சோஹோ பள்ளியில் சேர விரும்புவதாகவும், பட்டமில்லாமல் பின்னாளில் தடுமாறுவாளோ என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். 2005-இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் உண்டு. வகுப்போடு நில்லாமல் மாணவர்களை நிறுவனத்தின் குழுக்களிலேயே அமர்த்தி வேலை பழக்குவதுதான் அதன் பலம் (ஒருநாள் ‘இன்டஸ்ட்ரியல் விசிட்’ போய், சமோசா தின்று, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுத் திரும்பும் கதையல்ல). ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காது. வங்கி அதிகாரி தேர்வு, குரூப் 2, முதுநிலைப் படிப்பு ஆகியவற்றுக்குப் பட்டம் கேட்பார்கள் என்பதால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஓர் இளநிலைப் படிப்பையும் உடன் படிப்பது நல்லது என்பேன். சோஹோ பள்ளியிலோ அவர்கள் வைக்கும் தேர்வில் தேறினால்தான் இடம். முடிவு கைக்கு வரும்வரை கல்லூரி விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம்.