தொண்ணூறாம் நாள் தபால்

தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவில் இருப்பவர்கள், 90 நாளுக்கு ஒருமுறை குடியிருக்கும் முகவரியைத் தெரிவிக்கும் அறிக்கை பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, பேங்காக் சீலோம் பகுதியில் ரத்தினக் கல் வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்ட நம் வாசகர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, வேலையில் இருந்தவரை 90 நாள் அறிக்கையை ஆபீஸ் ஆளே பார்த்துக்கொண்டார். இப்போது ஓய்வுக்கால விசா, எல்லாம் என் தலையில். முழங்கால் வலியோடு சேங் வத்தனா குடிவரவு அலுவலகம் வரை போய் வர முடியவில்லை. தபாலில் அனுப்பலாம் என்கிறார்கள். எப்படி அனுப்புவது?
— எஸ்.ஆர்., ஓன் நுட், பேங்காக்

பதில்: தாராளமாக அனுப்பலாம். 1979-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 37-வது பிரிவுதான் நம்மை எழுத வைக்கிறது. தற்காலிக அனுமதியில் 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டுக்காரர், தான் எங்கே குடியிருக்கிறோம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு 90 நாளுக்கும் அதே வேலை. நேரில் போகலாம், வேறொருவரை அனுப்பலாம், இணையத்தில் செய்யலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

படிவத்தின் பெயர் டி.எம். 47, ஒரே பக்கம். நம் ஆட்கள் தடுமாறுவது முதல் வரியில்தான். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். இனிஷியலை வைத்தே அறுபது வருடம் ஓட்டிய நமக்கு அதில் என்ன எழுதுவது? பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ, அதையே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அங்கே குடும்பப் பெயர் காலியாக இருந்தால் இங்கே ஒரு கோடு போடுங்கள். அப்பா பெயரை இந்த முறை முன்னாலும் அடுத்த முறை பின்னாலும் எழுதினால், கணினியில் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள்.

உறைக்குள் படிவத்தோடு போக வேண்டியவை: பாஸ்போர்ட்டில் புகைப்படப் பக்கம், இப்போதைய விசா, கடைசியாக நாட்டுக்குள் வந்த முத்திரை, கடைசி நீட்டிப்பு முத்திரை ஆகியவற்றின் நகல்கள். போன முறை அறிக்கை கொடுத்தபோது கிழித்துத் தந்த சீட்டும் போக வேண்டும். ஊரில் சான்றிட்ட நகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பழக்கம் உங்களுக்கு இருக்குமே, அதே மாதிரி ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான சங்கதி, பதில் உறை. 10 பாட் தபால்தலை ஒட்டி, உங்கள் முகவரி எழுதி, உள்ளே வைக்க வேண்டும். அறிக்கை போய்ச் சேருவது பெரிய விஷயமே இல்லை, படிவத்தின் கீழ்ப்பகுதி முத்திரையோடு திரும்பி வர வேண்டும். அதில்தான் அடுத்த தேதி இருக்கும். திரும்பி வரும் உறையைத் தூக்கிக்கொண்டு வருபவர் உங்கள் சோயியில், அதாவது சந்தில், சுற்றுகிற தபால்காரர். அவருக்குத் தாய் எழுத்தில் முகவரி இருந்தால்தான் வசதி. எனக்குத் தாய் பேச வரும், எழுத வராது. மின்சாரக் கட்டண ரசீதில் முகவரி தாய் எழுத்தில் அழகாக அச்சாகியிருக்கும். அதை நகலெடுத்து, பெயரும் முகவரியும் உள்ள பகுதியை மட்டும் வெட்டி உறையில் ஒட்டிவிடுவேன். ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் மேலே உங்கள் பெயரையும் அறை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நம் பெயரைப் பார்த்ததும் குழம்பி, தெரியாத ஆள் என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

தபால் நிலையத்தில் ‘லோங் தபியன்’ என்று கேளுங்கள், பதிவுத் தபால் என்று புரிந்துகொள்வார்கள். கவுன்ட்டரில் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள எண்ணை வைத்து உறை எங்கே இருக்கிறது என்று தபால் துறை இணையதளத்தில் பார்க்கலாம். சாதாரணத் தபாலில் மட்டும் போடாதீர்கள். அனுப்பியதற்கு உங்கள் கையில் ஒன்றுமே மிஞ்சாது.

பேங்காக்கில் இருப்பவர்களுக்கு உறை போக வேண்டிய இடம் சேங் வத்தனா அரசு வளாகம், பி கட்டடம், குடிவரவுப் பிரிவு 1, அஞ்சல் குறியீடு 10210. பட்டாயா, சியாங் மாய் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இங்கே அனுப்பக் கூடாது. குடியிருக்கும் மாகாணத்து இமிக்ரேஷனில் தபால் எடுப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறும் நாடு இது.

கேள்வி: ஜனவரி 15 அன்று வந்தேன். அப்படியானால் ஏப்ரல் 15-க்குள் தபாலில் போட்டால் போதும்தானே?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, நொந்தபுரி

பதில்: இரண்டு தப்பு இருக்கிறது, டீச்சர். 90 நாள் வேறு, மூன்று மாதம் வேறு. வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஜனவரியில் 17, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஆக 76. ஏப்ரல் 14 அன்று 90 முடிகிறது. உங்கள் கணக்கில் ஒரு நாள்தான் பிசகியது. ஜூலை 1 அன்று வந்திருந்தால் 90-வது நாள் செப்டம்பர் 28, மூன்று மாதம் என்று நினைத்திருந்தால் அக்டோபர் 1. அங்கே மூன்று நாள் போய்விடும்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. நேரில் போகிறவர்களுக்குக் கெடு தேதிக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு. தபாலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கெடு தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்பே உறை கிளம்பியிருக்க வேண்டும். நேரில் போகிறவருக்குக் கதவு திறக்கும் அன்றைக்குள் நீங்கள் தபாலில் போட்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் அது மார்ச் 30. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 25-ஆம் தேதியே போட்டுவிடுவேன். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான். நமக்கு அது சித்திரைப் பிறப்பு, இங்கே தண்ணீர் பீய்ச்சும் திருவிழா, அரசு அலுவலகம் எதுவும் திறந்திருக்காது. அதற்கு முன் ஏப்ரல் 6 சக்ரி நாள், அதுவும் விடுமுறை. பதில் வரத் தாமதமானால் விசாரிக்கக்கூட ஆள் கிடைக்காது.

கேள்வி: வாப்பா மஹேசக் ரோட்டில் கல் வியாபாரம் செய்தவர், இப்போது 71 வயது, பேங்காக்கில் தனியாக இருக்கிறார். பதிவுத் தபாலில் அறிக்கை அனுப்பி நாளாகிவிட்டது. கெடு தேதியும் நெருங்குகிறது, சீட்டு வரவில்லை. என்னை அங்கே வரச் சொல்கிறார். நான் போனால்தான் தீருமா?
— எம்.எஸ்., காயல்பட்டினம்

பதில்: தம்பி, வாப்பாவைப் பார்ப்பதற்காகப் போனால் சந்தோஷம். இதற்காக டிக்கெட் எடுக்க வேண்டாம். முதலில் பதிவு எண்ணை வைத்து உறை சேர்ந்துவிட்டதா என்று நீங்கள் ஊரிலிருந்தே பார்க்கலாம். சேர்ந்திருந்தால் கெடு தேதி வரை கொஞ்சம் பொறுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் தேதி தாண்டி 7 நாள் இருக்கிறது. அதற்குள் பாஸ்போர்ட், புதிதாக நிரப்பிய டி.எம். 47, தபால் ரசீது மூன்றோடும் நேரில் போய்விட வேண்டும். வாப்பாவால் முடியாவிட்டால் அவர் நம்பும் ஒருவரிடம் அதிகாரம் கொடுத்து எழுதி அனுப்பலாம். மஹேசக்கில் நம் ஊர்க்காரர்களுக்கா பஞ்சம்!

அந்த 7 நாளும் போய்விட்டால் தானாகப் போய் நிற்பவருக்கு 2000 பாட் அபராதம். சட்டத்தின் 76-வது பிரிவு 5000 பாட் வரையும், சரி செய்யும் வரை நாளுக்கு 200 பாட் வரையும் விதிக்க இடம் தருகிறது. அதனால் சோதனையில் மாட்டிக்கொள்ளும் வரை சும்மா இருப்பது புத்திசாலித்தனம் இல்லை. 2000 பாட் வலிக்கத்தான் செய்யும், ஆனால் இதற்காக யாரையும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று வாப்பா தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

கேள்வி: பேத்தி காதுகுத்துக்கு மதுரை போய்விட்டு வந்தேன். ஊரில் இருக்கும்போதே 90 நாள் தேதி கடந்துவிட்டது. அபராதமா?
— பெயர் வேண்டாம், ஹுவா ஹின்

பதில்: இல்லை. நாட்டை விட்டு வெளியே போனதுமே பழைய கணக்கு ரத்து. திரும்பி வந்து முத்திரை விழுந்த நாள்தான் புதிய முதல் நாள். ஆனால் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பர்மிட், அதாவது அதே விசாவில் திரும்பி வருவதற்கான அனுமதி, எடுத்தீர்களா? ஒரு முறைக்கு 1000 பாட், பல முறைக்கு 3800 பாட். அது இல்லாமல் வெளியேறினால் 8 லட்சம் பாட் வங்கியில் காட்டி வாங்கிய ஒரு வருட நீட்டிப்பே போய்விடும். 90 நாள் அறிக்கையைவிட நான் பயப்படுவது இதற்குத்தான்.

கேள்வி: 90 நாள் சீட்டு கையில் இருந்தால் விசாவும் நீண்ட மாதிரிதானே?
— ஜி.வி., பட்டாயா

பதில்: இல்லவே இல்லை. இது முகவரி சொல்லும் காகிதம், அவ்வளவுதான். நீட்டிப்புக்கு டி.எம். 7 படிவம், 1900 பாட் கட்டணம், அப்புறம் வங்கிக் கடிதம், இதெல்லாம் தனி வேலை. வெளிநாட்டுக்காரர் தன் வீட்டில் தங்குகிறார் என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்தில் கொடுக்க வேண்டிய டி.எம். 30 அதுவும் வேறு. ஆனால் அவர் கொடுக்காமல் விட்டால் கவுன்ட்டரில் நிற்கப்போவது நீங்கள்தான். வாடகை ஒப்பந்தம் போடும் அன்றே அந்த ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகன் இணையத்தில் செய்யலாம் என்கிறான். தபாலை விட்டுவிடவா? நாட்டுக்குள் வரும்போது நிரப்பும் டி.எம். 6 கார்டின் எண்ணும் கேட்கிறார்கள், என்னிடம் அது இல்லை.
— கே.எம்., பேங்காக்

பதில்: கண் பார்வையும் இணையமும் ஒத்துழைத்தால் மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் இந்தியத் தூதரகத்தில் சமீபத்தில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால், முதல் அறிக்கையை ஒருமுறை நேரில் கொடுத்த பிறகுதான் இணைய வழி ஒத்துழைக்கும். பழைய முத்திரைகளைப் புதிய பாஸ்போர்ட்டுக்கு மாற்றவும் எப்படியும் அங்கே போயாக வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

டி.எம். 6 அட்டை விமானத்தில் வருகிறவர்களுக்கு 2022-லேயே நின்றுவிட்டது. 2025 மே 1 முதல் அதன் இடத்தில் டி.டி.ஏ.சி. என்ற இணையப் படிவம் வந்திருக்கிறது. உங்களிடம் பழைய அட்டை இருந்தால் இரு பக்கமும் நகலெடுத்து வையுங்கள். இல்லையென்றால் டி.எம். 47-இல் அந்தக் கட்டத்தில் கோடு போட்டு, டி.டி.ஏ.சி. நிரப்பி வந்தவராக இருந்தால் அந்த அச்சுப் பிரதியைப் பின்னால் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: தபாலில் அனுப்ப மொத்தம் என்ன செலவாகும்? ஏஜென்ட் ஒருவர் அரசாங்கக் கட்டணம் என்று காசு கேட்கிறார்.
— ஆர்.எல்., பேங்காக்

பதில்: அறிக்கைக்கு அரசாங்கக் கட்டணம் கிடையாது. நகல் எடுக்கும் காசு, பதிவுத் தபால், பதில் உறைக்கு 10 பாட் தபால்தலை, அதோடு சரி. ஏஜென்ட் தன் உழைப்புக்குக் கேட்டால் பேரம் பேசிக் கொடுங்கள். அரசாங்கத்துக்கு என்று கேட்டால் ரசீது கேளுங்கள்.