ஃபோன் பில்லில் 911 கட்டணம்: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் ஃபோன் பில்லில் ஒவ்வொரு இணைப்புக்கும் மாதம் 90 சென்ட் 911 கட்டணம் (அவசர உதவி எண்ணுக்கானது) பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தை மாநிலம் வேறு செலவுகளுக்குத் திருப்புகிறது என்று படித்தேன். கட்டியதைத் திரும்பப் பெற முடியுமா? இதைத் தடுக்காத மத்திய அரசு விதிகளை எதிர்த்து நான் வழக்குப் போடலாமா?

பதில்: பணம் திரும்பக் கிடைக்க வழியில்லை. விதிகளை எதிர்த்து உங்கள் பெயரில் போடும் வழக்கும் விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியாகிவிடும். ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானது. ஆபத்தில் கூப்பிடுகிறவருக்காக என்று சொல்லி வாங்கும் பணம் அதற்கே போக வேண்டும்.

இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்த 2004-ம் ஆண்டு மாநிலச் சட்டமே, மாநிலக் காவல்துறை போன்ற மற்ற அவசரகாலச் செலவுகளுக்கும் இந்த நிதியை எடுக்க இடம் கொடுக்கிறது. சட்டமே வழிவிட்ட பிறகு, திருப்பிக் கொடு என்று கேட்க அடிப்படை இல்லை.

அப்புறம் மத்திய விதிகள். 2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின்படி, தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2021 ஜூனில் விதிகளை வகுத்தது. அழைப்பை எடுக்கும் மையத்தின் கருவிகள், கட்டடம், ஊழியர் சம்பளம், பயிற்சி, உதவிக்கு ஆள் அனுப்பும் கம்ப்யூட்டர் அமைப்பு ஆகியவற்றுக்கு 911 கட்டணப் பணத்தைச் செலவழிக்கலாம். பொது நிதிக்கு மாற்றக் கூடாது. 911 சேவைக்கு நேரடியாக உதவாத போலீஸ், தீயணைப்புச் சாதனங்களையும் இதில் வாங்கக் கூடாது.

மீறினால் என்ன ஆகும்? காங்கிரசுக்குப் போகும் ஆண்டறிக்கையில் எஃப்சிசி அந்த மாநிலத்தின் பெயரைப் போடும். நியூ ஜெர்சி, நியூயார்க் பெயர்கள் அதில் பல முறை வந்திருக்கின்றன. மத்திய 911 மானியம் பெறும் தகுதி போகும், எஃப்சிசியின் 911 ஆலோசனைக் குழுக்களில் இடம் கிடைக்காது. அவ்வளவுதான். கட்டணம் வசூலிப்பதையே நிறுத்தச் சொல்லும் அதிகாரமோ, சந்தாதாரர் நேரடியாக வழக்குப் போடும் உரிமையோ அந்தச் சட்டத்தில் இல்லை. மானியத்தைவிடத் திருப்பும் தொகை பெரிதாக இருந்தால் மாநிலம் எதற்குப் பயப்படப் போகிறது? இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

சரி, விதிகளையே எதிர்த்தால்? எஃப்சிசி ஆணையை எதிர்ப்பவர்கள் 60 நாட்களுக்குள் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே எழுப்பும் வாதத்தை முன்பே எஃப்சிசி முன் யாராவது வைத்திருக்கவும் வேண்டும். 2021-ன் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. வழக்குப் போடும் தகுதி உங்களுக்கு உண்டா என்ற பிரச்சினையும் இருக்கிறது: வரி கட்டுகிறேன் என்பதை மட்டும் வைத்து மாநிலச் செலவை மத்திய நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் டைம்லர் கிரைஸ்லர் வழக்கில் சொல்லிவிட்டது.

சட்டத்துக்கு அரசு அமைப்பு தரும் பொருளுக்கு நீதிமன்றம் கட்டுப்பட வேண்டியதில்லை என்று 2024-ல் லோப்பர் பிரைட் தீர்ப்பு வந்ததே என்று கேட்பீர்கள். அது வழக்குப் போடும் தகுதி உள்ளவருக்குத்தான் பலம். உதாரணமாக, ரேடியோ கோபுரம் கட்ட இந்தப் பணத்தைச் செலவழிக்க முடியாமல் நிற்கும் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு). கட்டணம் விதிக்கும் உள்ளாட்சி அமைப்பு, இந்தச் செலவும் 911-க்கானதுதான் என்று எஃப்சிசியிடம் மனுப் போட்டு முடிவு கேட்க விதிகளிலேயே வழி உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. விதிகளை மாற்றச் சொல்லி எஃப்சிசியிடம் யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். மறுத்தால் நீதிமன்றம் போகலாம்தான், ஆனால் அங்கே அவசரப்பட்டுத் தலையிட மாட்டார்கள். நான் அதைவிட மாநிலத் தலைநகரான டிரென்டனைத்தான் சொல்வேன். இந்தப் பணம் எங்கே போகிறது என்பது ஒவ்வோர் ஆண்டும் மாநில பட்ஜெட்டில் முடிவாகிறது. பொது ஆவணச் சட்டமான ஓப்ராவின் கீழ், 911 நிதியிலிருந்து எந்தத் துறைக்கு எவ்வளவு போனது என்று எழுதிக் கேளுங்கள். பொதுவாக 7 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குவதால், அதற்கு முன் வசந்த காலத்தில் பட்ஜெட் குழுக்கள் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். அங்கே அந்தக் கணக்கோடு போய்ப் பேசுங்கள். உங்கள் கவுண்டியின் 911 மையத்தில் உள்ளவர்களையும் அழைத்துப் போனால், உறுப்பினர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

அதுவரை அந்த 90 சென்ட்டைக் கழித்துக்கொண்டு பில் கட்டாதீர்கள். ஃபோன் நிறுவனம் அதை வசூலித்து மாநிலத்துக்கு அனுப்புகிறது, அவ்வளவே. பாக்கி உங்கள் பெயரில்தான் நிற்கும்.